ஐரியல் ப்ரோ: ராகத்தில் ஊறிய காதுக்கு ஜாஸ் ஹார்மனி பிடிபடுமா?

கர்நாடக சங்கீதம் ஒழுங்காகக் கற்றவர் ஜாஸ் பக்கம் வந்தால், முதலில் இடறும் இடம் பேஸ், அதாவது கீழே அடி ஸ்வரம் வாசிக்கும் வாத்தியம். ஷட்ஜம் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும், மற்ற ஸ்வரமெல்லாம் அதை வைத்தே பொருள்படும் என்று பழகிய காது அது. மணிக்கணக்காகத் தம்புராவோடு பழகிய அந்த அடித்தளம் ஜாஸில் இரண்டு வினாடிக்கு ஒருமுறை இடம் மாறுகிறது. கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கூட்டு) பெயர்களை மனப்பாடம் செய்வதால் இந்தச் சிக்கல் தீராது. அடி நகர நகரக் கூடவே பாடிப் பழக வேண்டும். அதற்கு அலுக்காமல் திரும்பத் திரும்பப் பக்கவாத்தியம் வாசிக்க யாராவது வேண்டும். அந்த வேலைக்கு ஐரியல் ப்ரோ என்ற செயலி எவ்வளவு உதவும், எங்கே தவறான வழி காட்டும் என்பதுதான் இந்த மதிப்புரை. ஸ்வர ஸ்தானங்களும் மேளகர்த்தாவும் தெரிந்தவர்களுக்காக எழுதியது.

மாஸ்ஸிமோ பியோல்காட்டி என்ற டபுள் பேஸ் கலைஞர் உருவாக்கியது இது. மேடையில் வாசிப்பவர் தன் தேவைக்குச் செய்த பொருள் என்பது பயன்படுத்தும்போதே தெரியும். அலங்காரம் கம்மி, எல்லாம் இரண்டு தட்டில் கைக்கு வரும். ஒரு பாட்டின் கார்ட் வரிசை கட்டம் கட்டமாகத் திரையில் நிற்கும்; ஒரு கட்டம் என்றால் பெரும்பாலும் நாலு அட்சரம். ஓடவிட்டால் பேஸும் டிரம்ஸும் பியானோவும் (கிட்டாரோ வைப்ரஃபோனோ கூட வைத்துக்கொள்ளலாம்) அதை வாசிக்கும். வேகம், சுருதி, ஸ்விங்கா போஸா நோவாவா என்ற பாணி, எத்தனை சுற்று, எல்லாம் நம் கையில். வேண்டிய நாலு கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் சுழலவிடலாம்.

மெட்டு கிடையாது. பதிப்புரிமைச் சிக்கல் இல்லாமல் இருக்க, வெறும் கார்ட் வரிசை மட்டும்தான். ஜாஸ் ஸ்டாண்டர்ட்ஸ் எனப்படும் பாட்டுகள் 1400க்கு மேல் ஒரே தொகுப்பாகப் பயனர் மன்றத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்; ஆனால் அந்தப் பாட்டு எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள ஒலிப்பதிவைத்தான் கேட்க வேண்டும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. பாடாந்தரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது குறையாகத் தெரியக் கூடாது. மெட்டைப் பாடகரிடமோ ட்ரம்பெட்காரரிடமோ கேட்டுப் பிடித்து, பிறகு செயலியைத் திறப்பதுதான் சரியான வரிசை. மெட்டே தெரியாமல் கார்ட் வரிசையின் மேல் ஆலாபனை செய்பவர்களை உடனே கண்டுபிடித்துவிடலாம்: பல்லவி தெரியாமல் நிரவல் செய்கிற மாதிரி இருக்கும்.

குறியீடுகளைப் பழக அரை மணி போதும். கழித்தல் குறி என்றால் மைனர், சின்ன முக்கோணம் என்றால் மேஜர் செவன், குறுக்கே கோடு போட்ட வட்டம் என்றால் ஹாஃப் டிமினிஷ்ட், வெறும் வட்டம் என்றால் டிமினிஷ்ட். கார்ட் பெயர்களுக்குப் பதிலாக எண்களில் காட்டச் சொல்லும் வசதியும் இருக்கிறது. சுருதி எதுவானாலும் ஸ ஸதான் என்று பழகியவர்களுக்கு இந்த எண் முறை சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு என்றால் ரிஷபத்தில் எழும் கார்ட், ஐந்து என்றால் பஞ்சமத்தில் எழுவது. முதல் சில மாதம் எண்களிலேயே பாருங்கள்.

ஓடவிடும் முன் நாலு காரியம். ஃபோனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டபுள் பேஸின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. பேஸ் காதில் விழாமல் பியானோவை மட்டும் கேட்டால், ராகத்தில் பழகிய காது தனக்குத் தோன்றிய இடத்தில் ஒரு ஸ வைத்துக்கொண்டு அதன்படி கேட்க ஆரம்பித்துவிடும். ஹெட்ஃபோனோ கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரோ கட்டாயம். அடுத்தது, தம்புரா செயலியை அணைத்துவிடுங்கள். பழக்கத்தில் பலர் பின்னால் ஓடவிட்டுக்கொள்கிறார்கள். சியில் சுருதி நிற்கும்போது ஏ 7 வந்தால், அந்தக் கார்டின் மூன்றாவது ஸ்வரம் (அடி ஸ்வரத்தை ஒன்றாக வைத்து ஸ்வர வரிசையில் எண்ணினால்) ரி1. ஸவும் ரி1உம் ஒரே நேரத்தில் விடாமல் ஒலித்தால் காது கார்டை நம்புமா, தம்புராவை நம்புமா? மூன்றாவது, மிக்ஸரில் பியானோவின் ஒலியைச் சுத்தமாகக் குறைத்து பேஸையும் டிரம்ஸையும் மட்டும் வையுங்கள். நாலாவது, எழுதியிருக்கும் கார்டுக்கு மேல் கூடுதல் ஸ்வரம் சேர்த்து அலங்கரித்து வாசிக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. ஆரம்பத்தில் அது வேண்டாம். ஜி 7 என்று திரையில் பார்த்து நீங்கள் த1 பாட, பியானோ தன் இஷ்டத்துக்கு த2 சேர்த்து வாசித்தால் தப்பு யாருடையது என்றே புரியாது.

இனி பயிற்சி. செயலியோடு 50 பயிற்சி வரிசைகள் வருகின்றன. அவற்றில் தேடுவதைவிட எடிட்டரில் நீங்களே நாலு கட்டம் போட்டுக்கொள்வது சுலபம்: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7, மறுபடி சி மேஜர் 7. வேகம் 60, அதாவது நிமிடத்துக்கு 60 அட்சரம். சியை ஸ என்று வைத்தால் முதல் கார்ட் ரி2 ம1 த2 ஸ, இரண்டாவது ப நி3 ரி2 ம1, மூன்றாவது ஸ க3 ப நி3. ஜாஸ் ஹார்மனியில் பாதி இந்த மூன்று கட்டத்துக்குள் இருக்கிறது.

முதலில் பேஸோடு சேர்ந்து அடி ஸ்வரங்களை மட்டும் பாடுங்கள்: ரி, ப, ஸ, ஸ. பிறகு ஒவ்வொரு கார்டின் மூன்றாவது ஸ்வரம்: ம, நி, க, க. பிறகு ஏழாவது: ஸ, ம, நி, நி. இவை நேராக வந்ததும் இரண்டு இழைகளாகப் பிரித்துப் பாருங்கள். ஓர் இழையில் ம, ம, க. இன்னொன்றில் ஸ, நி, நி. கார்ட் இரண்டு முறை மாறியும் குரல் ஒவ்வோர் இழையிலும் ஒரே ஒரு அரைப்படிதான் இறங்குகிறது. கேட்பவருக்கு ‘கார்ட் மாறியது’ என்று தெரியவைப்பது இந்த இறக்கம்தான்; வேகமான சங்கதி எதுவும் தேவையில்லை. இரண்டாவது கட்டம் பிறக்கும் அந்த நொடியில் ஸ நி3 ஆக வேண்டும். தாமதித்தால் ஜி 7இன் மேல் ஸ தொங்கும், கார்டின் முகம் மறைந்துவிடும். முந்தினால் டி மைனரின் மேல் நி3 விழுந்து, ஜி 7 முன்னாலேயே வந்துவிட்ட மாதிரி குழம்பும்.

கமகம் கெடுப்பதும் இந்த இடத்தில்தான். சங்கராபரணத்து நி3 பழக்கத்தில் மேல் ஸவைத் தொட்டுத் தொட்டு வரும். ஜி 7இன் மேல் அப்படி அசைத்தால், பாதி நேரம் அந்தக் கார்டில் இல்லாத ஸ ஒலிக்கிறது. க2உம் அப்படியே. ஜாஸில் ஒரு கார்ட் மேஜரா மைனரா என்று தீர்மானிப்பது மூன்றாவது ஸ்வரம். தோடியில் போல ரிக்கும் மவுக்கும் நடுவில் அதை ஊசலாட விட்டால் மேஜர், மைனர் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும். கமகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. வழிகாட்டும் ஸ்வரங்கள், அதாவது மூன்றாவதும் ஏழாவதும், நேராக நிற்கட்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் ஜாரு போட்டுக்கொள்ளுங்கள். கிட்டார்காரரும் சாக்ஸஃபோன்காரரும் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

சுருதியிலும் ஒரு சின்ன உரசல் வரும். தம்புராவோடு இழைந்து நிற்கும் அந்தர காந்தாரம் ஸவிலிருந்து 386 சென்ட் (பியானோவின் ஓர் அரைப்படி 100 சென்ட்). செயலியின் பியானோ சமப்பிரிவுச் சுருதியில் 400இல் நிற்கும். 14 சென்ட் என்பது நல்ல காதுக்கு நன்றாகவே கேட்கும். பேஸ் மட்டும் இருக்கையில் உங்கள் காந்தாரம் இனிக்கும். பியானோவைத் திரும்பக் கொண்டுவந்ததும் அதே ஸ்வரம் கொஞ்சம் இறங்கியதாகத் தோன்றும். வயலின்காரரும் பாடகரும் நீண்ட கார்வைகளில் பியானோவோடு ஒத்துப்போகப் பழகுவது தவிர வேறு வழியில்லை.

மூன்று கட்டம் பிடிபட்டதும் செயலியின் சிறந்த வசதிக்கு வாருங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் தானாகவே சுருதியை மாற்றும் தேர்வு. நாலாம் ஸ்வர இடைவெளியில் ஏறச் சொன்னால் சி, எஃப், பி ஃபிளாட் என்று 12 சுற்றில் 12 சுருதியும் வந்துவிடும். வேகத்தையும் சுற்றுக்குச் சுற்று கூட்டச் சொல்லலாம், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள்.

இந்த 12 சுருதிப் பயிற்சியில் வாத்தியத்துக்கு வாத்தியம் கஷ்டம் வேறு. பாடகருக்கு ஸ நகர்ந்தால் கூட நகர வேண்டியதுதான், வீச்சு எட்டாத இடத்தில் ஸ்தாயி மாற்றினால் போதும். வயலினை ஸ ப ஸ ப என்று சேர்த்திருந்தாலும் தடையில்லை; விரல் இடங்களை எண்களாக நினைத்தால் சரி. வீணையில் 24 மெட்டுகளிலும் எல்லா ஸ்வர ஸ்தானமும் இருக்கின்றன, தொல்லை தாளத் தந்திகளில். ஈ ஃபிளாட்டில் வாசிக்கும்போது சியில் சேர்த்த தாளத் தந்தியை மீட்டினால் எல்லாம் போச்சு. அவற்றைத் தொடாமல் வாசிக்கக் கைக்குப் பழக்குவதே தனிப் பயிற்சி. புல்லாங்குழல்காரர் 12 சுருதிக்கு ஆசைப்பட வேண்டாம். கையில் இருக்கும் குழலுக்கு நாலைந்து சுருதி வசதியாக வரும், அதுவே தாராளம். கத்ரி கோபால்நாத் காட்டிய வழியில் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசிப்பவர்கள், செயலியின் அமைப்புகளில் ஈ ஃபிளாட் வாத்தியம் என்று ஒருமுறை குறித்துவிட்டால், சியில் ஒலிக்கும் பாட்டு திரையில் ஏ என்று வரும். மறந்தால் திரை ஒன்று சொல்லும், குழல் ஒன்று சொல்லும்.

அதிகம் திண்டாடப்போவது மெல்லிசைக் குழு கீபோர்ட்காரர்கள். எல்லாப் பாட்டையும் சியில் வாசித்து டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்துகிற பழக்கம் இங்கே செல்லாது. ஒரே பாட்டுக்குள்ளேயே சுருதி இரண்டு மூன்று தடவை இடம் மாறும், பட்டனைத் தேட நேரமிருக்காது. அவர்களுக்கான பயிற்சி வேறு: மிக்ஸரில் பியானோவை அணைத்துவிட்டு அந்த இடத்தைத் தாங்களே நிரப்ப வேண்டும். அடி ஸ்வரத்தை பேஸ் பார்த்துக்கொள்வதால் கையில் அது வேண்டாம். டி மைனருக்கு ம த ஸ க, ஜி 7க்கு ம த நி ரி, சி மேஜருக்கு க ப நி ரி. நடு சிக்குக் கீழே உள்ள எஃப்பில் தொடங்குங்கள். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே போனால் சேறாகக் கலங்கும். முதல் மாற்றத்தில் ம த அப்படியே நிற்க ஸ நி ஆகிறது, க ரி ஆகிறது. இரண்டாவதில் நி ரி நிற்க ம க ஆகிறது, த ப ஆகிறது. கை தாவுவதே இல்லை. ஆர்மோனியம் மாதிரி ஒவ்வொரு கார்டுக்கும் கையைத் தூக்கித் தூக்கி வைப்பவர்கள் இதை ஒரு வாரம் செய்து பார்த்தால் சத்தமே மாறிவிடும். கற்றபின் எடிட்டரில் ஜி 7ஐ அழித்து டி ஃபிளாட் 7 என்று போட்டுக் கேளுங்கள். நி3உம் ம1உம் இரண்டு கார்டுக்கும் பொது என்பதால் மேலே ஒன்றும் குடிமுழுகாது. கீழே பேஸ் மட்டும் ரி2, ரி1, ஸ என்று வழுக்கி இறங்கும். பேரைக் கேட்டால் பயமுறுத்தும் ட்ரைடோன் சப்ஸ்டிட்யூஷன் இவ்வளவுதான்.

இனி குறைக்கு வருவோம். செயலி ஒவ்வொரு கார்டுக்கும் எந்த ஸ்கேல் வாசிக்கலாம் என்று பரிந்துரை காட்டும். கர்நாடக இசைக்காரர் இதைப் பார்த்ததும் குஷியாகிவிடுவார், ஏனென்றால் அத்தனையும் தெரிந்த முகங்கள். டோரியன் என்பது கரஹரப்ரியா, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி, லிடியன் கல்யாணி, மெலடிக் மைனர் கௌரிமனோகரி, லிடியன் டாமினன்ட் வாசஸ்பதி. சங்கராபரணத்தில் கிரக பேதம் செய்தால் முதல் மூன்றும் கிடைத்துவிடும். ஆல்டர்ட் ஸ்கேலுக்கு மட்டும் மேளம் கிடையாது, பஞ்சமம் இல்லாததால். ஆனாலும் ஜி 7இன் மேல் ஏ ஃபிளாட்டை ஸ ஆக்கி கௌரிமனோகரி வாசித்தால் அதே ஸ்வரங்கள். இந்த அட்டவணை எல்லாம் ஒரே மாலையில் மனப்பாடமாகிவிடும். ஆபத்தும் அதில்தான்.

டி மைனருக்கு கரஹரப்ரியா, ஜிக்கு ஹரிகாம்போஜி, சிக்கு சங்கராபரணம் என்று மூன்று ராகமாக யோசித்தால், 120 வேகத்தில் ஒவ்வொரு ராகத்துக்கும் கிடைப்பது இரண்டு வினாடி. எந்த ராகம் இரண்டு வினாடியில் முகம் காட்டும்? மூன்றுக்கும் ஸ்வரங்கள் அதே ஏழுதான். மாறுவது எந்த ஸ்வரத்தில் நிற்கலாம் என்பது மட்டும். சங்கராபரணத்தில் ம1 தாராளமாக வந்துபோகும். சி மேஜர் 7இன் மேல் அதில் நின்றால் கீழே பியானோ பிடித்திருக்கும் க3ஐ உரசும். அதே ம1 டி மைனரில் மூன்றாவது ஸ்வரம், நிற்க அதைவிட நல்ல இடம் இல்லை. பரிந்துரைத் திரை இந்த நியாச விஷயத்தைச் சொல்லாது. ஏழு ஸ்வரத்தையும் சமமாக வரிசை வைத்துக் காட்டும்.

இன்னொரு கோளாறு, பரிந்துரை கார்டின் பெயரை வைத்து வருகிறது. அது எங்கே போய்ச் சேரும் என்பதை வைத்து அல்ல. டி 7 என்று மட்டும் எழுதியிருந்தால் டியிலிருந்து ஹரிகாம்போஜி என்று நினைக்கத் தோன்றும். அடுத்த கட்டம் ஜி மைனராக இருந்தால் அது இடிக்கும். ஹரிகாம்போஜி தரும் பியும் ஈயும் ஜி மைனருக்கு அந்நியம். அங்கே வேண்டியது பி ஃபிளாட்டும் ஈ ஃபிளாட்டும். ஜியை ஸ என்று வைத்து கீரவாணி பாடி, அதன் பஞ்சமத்தைச் சுற்றி நிற்பதுதான் பொருத்தம். ஆகவே அந்தப் பரிந்துரையை மூடிவையுங்கள், ஆறு மாதம் கழித்துத் திறந்தால் பயன்படும்.

எந்தப் பாட்டில் தொடங்குவது? ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவு செய்த ‘ஸோ வாட்’ கர்நாடகக் காதுக்குப் போட்ட பாலம் என்றே சொல்லலாம். 32 கட்டம். முதல் 16 கட்டமும் டியில் கரஹரப்ரியா, அடுத்த 8 கட்டம் அதே கரஹரப்ரியா அரைப்படி மேலே ஈ ஃபிளாட்டில், கடைசி 8 திரும்பவும் டியில். ராகம் விரிக்க இடம் இருக்கிறது; கற்க வேண்டியது ஸ இடம்பெயரும் அந்த ஒரு கணம் மட்டும். வேகம் 100இல் வைத்து, மாறுவதற்கு ஒரு கட்டம் முன்பே புது ஸவை மனசில் பிடித்துக்கொள்ளப் பழகுங்கள்.

அடுத்து 12 கட்ட ப்ளூஸ். சி 7 இங்கே வீடு. நி2 இருந்தாலும் எங்கும் போய்ச் சேர வேண்டிய தவிப்பு இல்லை. ஐந்தாவது கட்டத்தில் எஃப் 7 வரும்போது க3 க2 ஆகிறது, ஏழாவதில் திரும்ப க3. எட்டாவது கட்டத்தில் ஏ 7 போட்ட வடிவத்தை எடுத்துக்கொண்டால் ரி1 எட்டிப் பார்த்து ஒன்பதாவதில் டி மைனரின் ரி2இல் ஏறும். இந்த மூன்று இடங்களையும் ஸ்வரம் சொல்லிப் பாடினாலே, பக்கத்தில் யாரும் வாசிக்காவிட்டாலும் ப்ளூஸ் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியும்.

மூன்றாவதாக ‘ஆட்டம் லீவ்ஸ்’. ஜாஸ் கற்பவர் எல்லாரும் இதில்தான் உருண்டிருப்பார்கள், ஆனால் ஸ்வரத்தில் எழுதிப் பார்த்தால்தான் அதன் அழகு தெரிகிறது. ஜி மைனரில் வாசித்தால் வரிசை இது: சி மைனர் 7, எஃப் 7, பி ஃபிளாட் மேஜர் 7, ஈ ஃபிளாட் மேஜர் 7, ஏ ஹாஃப் டிமினிஷ்ட், டி 7, ஜி மைனர். பி ஃபிளாட்டை ஸ என்று வைத்து அடி ஸ்வரங்களைப் பாடுங்கள்: ரி, ப, ஸ, ம, நி, க, த. சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரமும் ஆளுக்கு ஒரு கார்டாக வந்துவிட்டன. அத்தனை கார்டிலும் வெளி ஸ்வரம் ஒன்றே ஒன்று, டி 7இல் பஞ்சமத்துக்குப் பதிலாக வரும் த1. அது ஏறி த2இல் சேரும் இடம்தான் ஜி மைனர். ஜியை ஸ என்று கொண்டு பார்த்தால் நடபைரவி ஒரு கட்டத்துக்கு மட்டும் கீரவாணி ஆகித் திரும்புகிறது. எண் முறையில் இந்தப் பாட்டு முழுக்க மனப்பாடமாகும் வரை வேறு பாட்டைத் தொடத் தேவையில்லை. சாக்ஸஃபோன் கலைஞர் கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பட்டியலில் இருக்கிறதே என்று இரண்டாம் வாரம் திறப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பி, ஜி, ஈ ஃபிளாட் என்று மூன்று ஸ கட்டத்துக்குக் கட்டம் சுற்றும் பாட்டு அது. ஜாஸ்காரர்களே ஒதுங்கி வழிவிடும் இடம்.

தாளம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டு கட்டம் ஓர் ஆதி தாள ஆவர்த்தனம். ப்ளூஸ் 6 ஆவர்த்தனம், 32 கட்டப் பாட்டு 16. கணக்கில் நம்மவர்கள் தொலைந்துபோவது அரிது. ஸ்விங் என்பது நிதானமான வேகத்தில் திஸ்ர நடையின் முதல், மூன்றாம் அட்சரங்கள் போல நடக்கும், வேகம் ஏற ஏற சமமாகும். தடுக்கும் ஒரே விஷயம் சமத்தில் விழுகிற ஆசை. டிரம்ஸ்காரர் அழுத்துவது இரண்டிலும் நாலிலும். எல்லாச் சொற்கட்டையும் சமத்தில் கொண்டுபோய் முடித்தால் கூட வாசிப்பவர்களுக்கு மாவு ஆட்டுகிற உணர்வு வரும்.

கார்ட் வரிசைகளைப் பயனர்கள் ஏற்றியிருப்பதால் எல்லாம் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாட்டின் கடைசி இரண்டு கட்டமும், நடுப்பகுதிக்குத் திரும்பும் இடமும்தான் அதிகம் வேறுபடும். ஏதாவது ஒரு நல்ல ஒலிப்பதிவின் பேஸை மட்டும் கேட்டு, திரையிலுள்ள அடி ஸ்வரங்களோடு ஒப்பிட்டு எடிட்டரில் திருத்திக்கொள்ளுங்கள். இந்தத் திருத்தும் வேலையே நல்ல காதுப் பயிற்சி. இளையராஜா பாட்டுகளில் வளர்ந்த காதுக்கு மேஜர் செவன் அந்நியம் இல்லை. தெரிந்த ஒரு பாட்டின் கார்ட்களை எடிட்டரில் நீங்களே எழுதி வாசிக்கவிட்டுப் பார்த்தால் பேஸ் எங்கே போகிறது என்று கவனிக்கும் பழக்கம் இன்னும் சீக்கிரம் வரும்.

சத்தம்? செயற்கைதான். பேஸ் பரவாயில்லை, பியானோ ஒரே மாதிரி தாளக்கட்டில் குத்திக்கொண்டிருக்கும். நீங்கள் மெல்லப் பாடினாலும் கத்தினாலும் அதற்கு ஒன்றுதான், தப்பாக வாசித்தாலும் சொல்லாது. உயிருள்ள பக்கவாத்தியம் வேண்டுமென்றால் ஜேமி ஏபர்சோல்ட் 1967இல் தொடங்கி வெளியிட்ட கூட வாசிக்கும் ஒலிப்பதிவுத் தொடரைத் தேடுங்கள். நிஜக் கலைஞர்கள் வாசித்தது. ஒரு காதில் பேஸ், இன்னொன்றில் பியானோ என்று பிரித்திருப்பதால் வேண்டாததை அணைத்துக்கொள்ளலாம். ஆனால் வேகமும் சுருதியும் பதிவு செய்தபடியேதான். மூன்று கட்டத்தை 60இல் சுழலவிட அது உதவாது. யூடியூபில் கிடைக்கும் பக்கவாத்தியப் பதிவுகளில் வேகத்தை மாற்றலாம், சுருதி மட்டும் பதிவு செய்தபடியேதான். விண்டோஸ் கணினி மட்டும் வைத்திருப்பவருக்கு ஐரியல் ப்ரோ கிடையாது. பேண்ட் இன் எ பாக்ஸ் இருக்கிறது, கனமானது, விலையும் கூட.

பாடகர், வயலின்காரர், கீபோர்ட்காரர், சாக்ஸ்காரர் இவர்களுக்குத் தயங்காமல் வாங்கச் சொல்லலாம். வீணை, புல்லாங்குழல் என்றால் மேலே சொன்ன வரம்புகளைத் தெரிந்துகொண்டு வாங்கலாம். கார்ட் என்றால் என்ன என்பதே தெரியாதவர் முதலில் யாரிடமாவது மூன்று மாதம் பியானோவில் அடிப்படை கற்றுக்கொண்டு வரட்டும். செயலி வாசிக்குமே தவிர விளக்காது. அடிப்படைச் செயலிக்கு ஒரே தடவை காசு கட்டினால் போதும். கூடுதல் தாள பாணிகளுக்குத் தனிக் காசு கேட்கும். ஜாஸ் பாணிகள் முதலிலேயே இருப்பதால் மற்றவை அவசரமில்லை. ஆண்ட்ராய்டில் வாங்கியது ஐஃபோனுக்கு வராது, ஃபோன் மாற்றும் எண்ணம் இருந்தால் மாற்றியபின் வாங்குங்கள். நீங்கள் திருத்தி வைத்த பாட்டுகளை மட்டும் கோப்பாக ஏற்றுமதி செய்து புது ஃபோனில் திறந்துகொள்ளலாம்.